ஏழாம் வகுப்புக்காரியின் கையெழுத்து

கேள்வி: என் மகன் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். வாயால் கேட்டால் எல்லாப் பாடமும் ஒப்பிப்பான். எழுதச் சொன்னால் பாதித் தாள்கூட நிரம்பாது. கொம்பும் காலும் இடம் மாறி விழும். வீட்டுப்பாடம் மட்டும் தவறாமல் போய்விடும். ஏழாம் வகுப்பு படிக்கும் அவன் தங்கை இரவில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுவாள். கெட்டிக்காரி, டீச்சருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று அண்ணன் கையெழுத்தைப் போலவே, நடுவில் இரண்டு பிழையும் விட்டு எழுதுவாள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைமை ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, இவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்கும்போல் தெரிகிறது, ஆஸ்பத்திரியில் காட்டிச் சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், இவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கிடைக்கும் என்றார். என் கணவர் ஒப்பவில்லை. யாரோ எழுதிப் பாஸ் ஆனான் என்று ஊர் பேசும், அந்தப் பாஸ் நமக்கு வேண்டாம் என்கிறார். அவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கடைக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். மாமியாரோ, ஊனச் சான்றிதழ் வாங்கினால் நாளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்கிறார். வாங்கலாமா, வேண்டாமா? மனம் தவிக்கிறது.

— ஒரு தாய், அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்: உங்கள் மகள் இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாள், அம்மா?

மகனுக்காக ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மகளுக்கு இரண்டு வாக்கியம். அந்த இரண்டிலும் அவளைக் கெட்டிக்காரி என்று மெச்சிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் தன் பாடத்தை எழுதி முடித்துவிட்டு, பத்தாம் வகுப்பு அறிவியலையும் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, தன் நல்ல எழுத்தைக் கோணலாக்கி, தெரிந்த சொல்லைத் தெரியாததுபோலப் பிழையாக எழுதுகிறாள். பிழையில்லாமல் எழுதத்தானே அவளைப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள்? வீட்டில் பிழை விடப் பழக்கியிருக்கிறீர்கள். இதை ஒரு வீட்டு வேலைபோல எண்ணி, பாத்திரம் துலக்குவதோடு சேர்த்துவிட்டீர்கள்.

சொல்வதை எழுத ஆள் வைக்கலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். அந்த ஆளை நீங்கள் எப்போதோ வைத்துவிட்டீர்கள். சட்டம் தரும் ஆள் பகலில், தேர்வறையில், கண்காணிப்பாளர் முன்னிலையில் உட்கார்ந்து எழுதுவார். நீங்கள் வைத்த ஆள் இரவில், யாருக்கும் தெரியாமல், தூக்கத்தை விட்டு எழுதுகிறாள். முதலாவது கௌரவக் குறைச்சல், இரண்டாவது குடும்பப் பாசம் என்று உங்கள் வீட்டில் எப்படி முடிவாயிற்று?

இதனால் மகனுக்காவது நன்மை நடந்ததா என்று பார்த்தால், அதுவும் இல்லை. கற்றல் குறைபாட்டை ஆசிரியர்கள் முதலில் மோப்பம் பிடிப்பது பிள்ளையின் நோட்டில்தான். துணைக்கால் விட்டுப்போவது, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறுவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதற்குள் மணி அடித்துவிடுவது: இவைதான் அடையாளங்கள். உங்கள் மகன் நோட்டில் அந்த அடையாளத்தை ஒப்புக்கு இரண்டு பிழையாகச் சுருக்கிவிட்டாள் உங்கள் மகள். ஆசிரியருக்குக் கிடைத்தது, எழுத்து மோசம் ஆனால் வேலையை முடித்துவிடும் ஒரு பையனின் நோட்டு. விடைத்தாளில் வேறு பையன் இருந்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு தலைமை ஆசிரியைக்குப் பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுதான் வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. மூன்றாம் வகுப்பில் தெரிந்திருக்க வேண்டியது இது. அந்த அம்மையாருக்கு நீங்கள் நன்றி சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரரின் பேச்சுக்கு வருகிறேன். யாரோ எழுதிப் பாஸ் ஆனான் என்கிறார். அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதை அவர் பார்த்ததில்லை. நான் ஆசிரியையாக இருந்தபோது ஒரு பொதுத்தேர்வில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். சமூக அறிவியல் தேர்வு. அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு, பெஞ்சில் ஆள்காட்டி விரலால் கோடு இழுத்தபடியே விடை சொன்னான். கட்டபொம்மனைப் பற்றிய கேள்வி. இராமநாதபுரத்தில் ஜாக்சனைச் சந்தித்ததிலிருந்து தொடங்கி 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டது வரைக்கும் ஒரு சம்பவம் விடாமல் சொன்னான். நடுவில் நிறுத்தி, "டீச்சர், கடைசி வரியை அடித்துவிடுங்கள், வேறு மாதிரி சொல்கிறேன்" என்றான். அடித்தேன். வேறு மாதிரி சொன்னான். அது முதலில் சொன்னதைவிட நன்றாக இருந்தது. அடுத்த கேள்வியில் வேலூர்ப் புரட்சி நடந்த ஆண்டை 1801 என்றான். 1806 என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எத்தனை வருடம் நான் கரும்பலகையில் எழுதிய எண் அது! வாயை மூடிக்கொண்டு 1801 என்றே எழுதினேன். அவன் சொல்வதுதான் விடை. எனக்குத் தெரிந்ததை எழுத எனக்கு உரிமை கிடையாது. மற்றப் பிள்ளைகளுக்கு மணி அடித்து, வராந்தாவில் ஒரே கூச்சலாக அவர்கள் வெளியேறியபோது, இவன் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வரைபடக் கேள்விக்குப் போனான். அவன் வாங்கிய மதிப்பெண்ணில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. போன ஒரு மதிப்பெண்ணும் அவனுடையதுதான்.

உங்கள் மகள் எழுதும் வீட்டுப்பாடத்தில் உங்கள் மகனுடையது என்ன இருக்கிறது? யாரோ எழுதியது என்று சொல்லத் தகுந்தது அதுதான். உங்கள் வீட்டுக்காரருக்குக் கோபம் வர வேண்டிய இடம் அதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கற்றல் குறைபாடு அவற்றில் ஒன்று. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு என்று தேர்வு முறையை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு. நம் மாநிலத்துப் பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் ஒரு மணி. குறைபாடு 40 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். கை எழுத்துக்கு ஒத்துழைக்காத நோயுள்ள ஒருவர் ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு எழுதுபவர் கேட்டுப் போராடிய வழக்கில், அந்த 40 சதவீதக் கணக்கைக் காட்டி எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே யாரிடமும் தயவு கேட்டு நிற்கப் போவதில்லை நீங்கள்.

இன்னொன்று. எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். 1995இல் வந்த பழைய சட்டத்தில் கற்றல் குறைபாட்டுக்கு இடமே கிடையாது. அதற்கும் முந்திய நாளில் பள்ளியில் இருந்த பிள்ளைக்கு மக்கு, சோம்பேறி, மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்ற பெயர்கள்தான் இருந்தன. உங்கள் வீட்டுக்காரர் எட்டாவதோடு நின்றார். வியாபாரம் நடத்துகிற மனிதர். சாமான் விலையும் கடன் பாக்கியும் மனத்தில்தான் இருக்கும். ஆனால் கணக்கு நோட்டை நீங்கள் எழுதுகிறீர்கள். ஏன் என்று நீங்கள் சொல்லவில்லை. கடிதத்தை வைத்து நோய் சொல்ல நான் வைத்தியர் இல்லை. இந்தக் குறைபாடு குடும்ப வழியில் வருவது உண்டு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். மகனைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவர் ஏன் அவ்வளவு சூடாகிறார் என்பதை, வாக்குவாதம் செய்யாமல், ஒருநாள் கடை அடைத்த பிறகு மெல்லக் கேட்டுப் பாருங்கள். அவர் முதுகில் விழுந்த புளியங்கம்பு அடி ஏதாவது பேச்சில் வெளியே வரலாம். வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். ஆனால் அதற்காக மகன் காத்திருக்க முடியாது.

அப்பாவுக்கு அம்மா எழுதுகிறாள், அண்ணனுக்குத் தங்கை எழுதுகிறாள், இரண்டையும் வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு வீட்டில் வளரும் பெண், நாளை எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கேயும் ஒருவருடைய குறையைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு நிற்பாள். இதுதான் குடும்பப் பெண்ணுக்கு அழகு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் நினைக்கவில்லை. பிள்ளைகளுக்குள் ஒருவருக்கு ஒருவர் கை கொடுக்கத்தான் வேண்டும். அப்படிக் கொடுக்காத உடன்பிறப்பு எதற்கு? அவள் அவனுக்குப் பாடத்தை வாசித்துக் காட்டட்டும், கேள்வி கேட்டு ஒப்பிக்க வைக்கட்டும். அது கை கொடுப்பது. பொய்க் கையெழுத்துப் போடச் சொல்வது பெற்றவர்கள் தங்கள் கடமையை அவள் தலையில் இறக்கி வைப்பது.

மாமியாருக்கு நீளமாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பதினைந்து வயதுப் பையனின் கல்யாணத்தை நினைத்து அவன் பத்தாம் வகுப்பைப் பலி கொடுக்கச் சொல்கிறார். ஊர் ஊர் என்கிறார்களே, எந்த ஊர்? ஒரு பஸ் ஏறினால் பாளையங்கோட்டை. பார்வையில்லாத பிள்ளைகளுக்கு ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் கற்பிக்கத் தொடங்கிய ஊர்; காது கேளாத பிள்ளைகளுக்கு ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் 1897இல் பள்ளி கண்ட ஊர். கண் தெரியாத பிள்ளை விடை சொல்ல இன்னொருவர் எழுதுவதை ஒரு குறையாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த மரியாதை உங்கள் பையனுக்கும் உண்டு. அவனுக்கு எங்கே தடுக்கிறது என்பது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திங்கள்கிழமையே தலைமை ஆசிரியையைப் போய்ப் பாருங்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும்; அதற்குக் கெடு உண்டு, கெடு முடிந்த பிறகு அழுது பயனில்லை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மகனைக் காட்டுங்கள். சான்றிதழ் அரசு மருத்துவமனையில் வாங்க வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவன் சொந்தக் கையால் எழுதிய தாள்களை எடுத்துப் போங்கள். காலாண்டு விடைத்தாள் போதும். தங்கை எழுதிய நோட்டைக் கொண்டுபோய்க் காட்டி மருத்துவரையும் குழப்பிவிடாதீர்கள். அனுமதி ஆணை வந்ததும் ஒரு நகல் கையில் இருக்கட்டும். தேர்வுக்கு முன்பே மையத்துக் கண்காணிப்பாளரிடம் அதைக் காட்டிப் பேசிவிடுங்கள். 2021 நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடு உள்ள ஒரு மாணவிக்குச் சேர வேண்டிய ஒரு மணி நேரத்தைக் கொடுக்காமலே மையத்தில் தாளை வாங்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், செய்தது தவறு என்று தீர்ப்பு வந்தும், மறுதேர்வு அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆணை வரும் வரைக்கும் சும்மா இருக்கக் கூடாது. இன்னொருவர் எழுத விடை சொல்வது தனிப் பழக்கம். வேகமாகச் சொன்னால் எழுதுகிறவர் தடுமாறுவார். நிறுத்தி நிறுத்திச் சொன்னால் தொடர்ச்சி போய்விடும். முற்றுப்புள்ளி எங்கே, அடுத்த பத்தி எங்கே, கணக்கில் எந்தப் படி எந்தப் படிக்குக் கீழே என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்குத் தினமும் ஒரு கேள்வி போதும். அவன் சொல்லட்டும், கடைக் கணக்கை மூடி வைத்துவிட்டு நீங்கள் எழுதுங்கள். திருத்தாதீர்கள். தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுதி, முடிந்த பிறகு அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவனே கண்டுபிடிப்பான். உங்கள் வீட்டுக்காரரையும் அந்த நேரத்தில் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

வீட்டுப்பாடம் நாளையிலிருந்து மகன் கையால் போகட்டும். கால்வாசி எழுதினாலும் சரி, கோணலாக இருந்தாலும் சரி. இத்தனை நாள் எழுதியது யார் என்பதைப் பள்ளியில் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு மகளிடம் போகக் கூடாது. அவளிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. இனிமேல் எழுத வேண்டாம் என்று மட்டும் சொன்னால், தான் ஏதோ குற்றம் செய்துவிட்டதாக நினைப்பாள். எழுதச் சொன்னது எங்கள் தப்பு என்று நீங்களும் அப்பாவும் சேர்ந்து சொல்லுங்கள்.

இன்று இரவு அவள் தூங்கிய பிறகு அவளுடைய தமிழ் நோட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். அவள் சொந்தக் கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கிறதா, அண்ணனுடைய கோணல் அதிலும் ஏறத் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.