99 சதவீதமா, 79 சதவீதமா? பீக்கின் பரப்பை வைத்துப் பொடியை எடை போடாதீர்கள்

கேள்வி: மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் பொடியை வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். எச்.பி.எல்.சி. (கலவையைப் பொருள்வாரியாகப் பிரித்து அளக்கும் முறை) அறிக்கையில் 'தூய்மை 99%' என்று வந்தது. எங்கள் கருவியில் ஓட்டினால் மூன்று குர்குமினாய்டுகளும் (குர்குமினும் அதன் இரு உறவுப் பொருள்களும்) சேர்ந்து 79% தான். அதுவும் மென்பொருளில் பேஸ்லைனை (வரைபடத்தில் பீக் எனப்படும் முகடுகளின் அடிக்கோட்டை) மாற்றி வரைந்தால் 77, 81 என்று ஆடுகிறது. எதை நம்புவது?

பதில்: 79ஐ நம்புங்கள். அந்த ஆட்டத்தையும் நிறுத்தலாம். வெளியிலிருந்து வந்த 99 தவறான கணக்கு அல்ல. அது வேறொரு கேள்விக்கான விடை.

அந்த 99 என்பது ஏரியா சதவீதம். 425 நானோமீட்டரில் டிடெக்டர் கண்ட எல்லா பீக்குகளின் பரப்பையும் கூட்டி, அதை நூறு என்று வைத்துக்கொண்டு மென்பொருள் பங்கு பிரிக்கிறது. அந்த அலைநீளத்தில் மஞ்சள் நிறப் பொருள்கள்தான் தெரியும். எண்ணெய், சர்க்கரை, மாவு, ஈரம், மிச்சக் கரைப்பான் எதுவும் டிடெக்டரின் கண்ணில் படாது. பொடியில் சரிபாதி மால்டோடெக்ஸ்ட்ரினைக் கலந்து ஓட்டினாலும் அதே 99 தான் வரும்.

உங்கள் கணக்கு வேறு வகை. ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். 50 மில்லிகிராம் பொடியை 50 மில்லியில் கரைத்து, அதில் 5 மில்லியை மறுபடி 50 மில்லியாக்கினால் ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம். 98% தூய்மையுள்ள குர்குமின் ஸ்டாண்டர்டை (தூய்மை தெரிந்த ஒப்பீட்டுப் பொருளை) 25 மில்லிகிராம் எடுத்து அதே முறையில் நீர்த்தால், உண்மையான குர்குமின் மில்லிக்கு 49 மைக்ரோகிராம். அதன் பரப்பு 24,50,000 என்றால் ஒரு மைக்ரோகிராமுக்கு 50,000. சாம்பிளில் குர்குமின் பீக் 31,20,000 என்று வந்தால் 62.4 மைக்ரோகிராம், அதாவது பொடியில் 62.4%. மற்ற இரு குர்குமினாய்டுகளான டெமெத்தாக்ஸி, பிஸ்டெமெத்தாக்ஸி இரண்டுக்கும் அவற்றுக்குரிய ஸ்டாண்டர்டை வைத்து இதேபோல் போட்டுக் கூட்ட வேண்டும். ஸ்டாண்டர்டின் தூய்மைக் கட்டத்தில் 98க்குப் பதிலாக 100 என்று விட்டுவிட்டால் 62.4 என்பது 63.7 ஆகிவிடும். எடை, நீர்ப்பு, தூய்மை மூன்றையும் மென்பொருளில் ஏற்றிய பிறகு இன்னொருவர் எடைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பொடி விற்கும் இடைத்தரகர்களும், பரிசோதனையை வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர்களும் பிழைப்பதே இந்தக் குழப்பத்தில்தான். 'ஏரியா' என்ற சொல்லை விழுங்கிவிட்டு 'தூய்மை' என்று அச்சடிப்பார்கள். கேள்வி கேட்டால் 'பீக் தூய்மை தேர்ச்சி' என்று இன்னொரு தாளை நீட்டுவார்கள். அந்தத் தேர்ச்சி பீக்குக்குத்தான், பொடிக்கு அல்ல. பீக்குக்கே கூட அது உறுதியான சான்றல்ல. மூன்று குர்குமினாய்டுகளின் நிறமாலையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், இரண்டு ஒரே பீக்குக்குள் ஒளிந்திருந்தாலும் மென்பொருள் 'தேர்ச்சி' என்றே சொல்லும். 425இல் குர்குமின் மட்டும் தனியாக நின்று மற்ற இரண்டும் அடியோடு இல்லையென்றால், செயற்கைக் குர்குமினோ என்று சந்தேகப்படுங்கள்.

ஆய்வகத்திடம் பி.டி.எஃப். மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூலத் தரவுக் கோப்பு, ஸ்டாண்டர்டின் குரோமட்டோகிராம் (பீக்குகள் வரும் வரைபடம்), சாம்பிள் எடை, நீர்ப்பு விவரம், பிராசஸிங் மெத்தட் (பீக்கை அளக்க மென்பொருளில் வைத்த விதிகள்), பேஸ்லைன் தெரியும்படி பெரிதாக்கிய படம் எல்லாம் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் அந்த அறிக்கையை ஓரமாக வைத்துவிடுங்கள்.

இனி உங்கள் 77, 81 விவகாரம். குர்குமின் ஸ்டாண்டர்ட் தனியாக வருவதால் அதன் பேஸ்லைன் அடியிலிருந்து அடிவரை போகும். சாம்பிளில் டெமெத்தாக்ஸி, குர்குமின் பீக்குகளுக்கு நடுவே பள்ளம் அடிவரை இறங்காமல் இருந்து, நீங்கள் பள்ளத்திலிருந்து பள்ளத்துக்குக் கோடு போட்டால் பீக்கின் அடிப்பகுதி வெட்டுப்படும். 77 அப்படி வரும். த்ரெஷோல்டை (பீக் எனக் கொள்ளும் வரம்பை) மிகவும் தாழ்த்தி, வால் முடிந்த பிறகும் மேட்டைச் சேர்த்துக்கொண்டால் 81. பள்ளத்திலிருந்து செங்குத்தாகக் கீழே இறக்குங்கள். அதைவிட நல்லது, மொபைல் ஃபேஸை (ஓடும் கரைப்பானை) மாற்றி ரெசல்யூஷனை (இரு பீக்குகள் பிரிந்து நிற்கும் அளவை) 1.5க்கு மேல் கொண்டுபோவது. 250 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. விட்டமுள்ள பிரிப்புக் குழாயில் (column) நிமிடத்துக்கு 1 மில்லி ஓட்டினால் கரைப்பான் முகப்பு சுமார் இரண்டரை நிமிடத்தில் வரும். அதுவரை இன்டக்ரேஷனை (பரப்புக் கணக்கிடுவதை) நிறுத்திவையுங்கள். பிளாங்க் (வெறும் கரைப்பான்), ஸ்டாண்டர்ட், சாம்பிள் மூன்றுக்கும் ஒரே பிராசஸிங் மெத்தட்.

செங்குத்துக் கோட்டுக்கு ஒரு விலக்கு உண்டு. அதில் பலரும் தடுக்கி விழுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரிய பீக்கின் வாலில் ஒரு குட்டிப் பீக் சவாரி செய்தால், செங்குத்துக் கோடு பெரியதன் வாலையும் வெட்டிக் குட்டியின் கணக்கில் சேர்த்துவிடும். அங்கே டேஞ்சன்ட் ஸ்கிம் போட்டு வாலின் மேல் சரிவாகக் கோடு இழுக்க வேண்டும். உயரத்தில் பத்துக்கு ஒன்று அல்லது அதைவிடச் சிறியதாக இருந்தால்தான் இது. குட்டி ஓரளவு பெரியதாக இருக்கும்போது ஸ்கிம் போட்டால் அதன் பரப்பு குறைத்துக் காட்டப்படும். உங்கள் பொடிக்கு இது பொருந்தாது. சி18 வகைப் பிரிப்புக் குழாயில் வழக்கமாக பிஸ்டெமெத்தாக்ஸி, டெமெத்தாக்ஸி இரண்டும் குர்குமினுக்கு முன்னால் வருகின்றன, அதன் வாலில் அல்ல. குர்குமினுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு தெரியாத பீக் வந்தால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்கிம். முழு ஓட்டத்துக்கும் ஸ்கிமை இயக்கிவைப்பது தவறு.

கையால் கோடு வரைவதைக் கூடியவரை தவிருங்கள். வரைந்தே ஆக வேண்டுமென்றால் ஆடிட் டிரெயிலில் (மென்பொருள் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஏட்டில்) காரணத்தை வாக்கியமாக எழுதுங்கள். மின்னணுப் பதிவுகளுக்கான அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் விதி, 21 சி.எஃப்.ஆர். 11ஆம் பகுதி, 1997இலேயே வந்துவிட்டது. இன்னும் ஒரே கடவுச்சொல்லில் ஐந்து பேர் நுழைவதும், சாம்பிள் ஓட்டுபவர் கையிலேயே நிர்வாகி உரிமையைக் கொடுப்பதும், காரணப் பெட்டியில் 'மறுசெயலாக்கம்' என்ற ஒரே சொல்லை நூறு முறை தட்டுவதும் நடக்கிறது. தணிக்கையாளரும் பட்டியலில் டிக் அடித்துவிட்டுப் போய்விடுகிறார். காரணம் கேட்காத ஆடிட் டிரெயிலால் யாருக்கும் பயனில்லை.

தரவு எடுக்கும் வேகத்தைப் பின்னால் எந்த அமைப்பாலும் கூட்ட முடியாது. ஒரு பீக்குக்குக் குறைந்தது 20 புள்ளிகள் வேண்டும். 6 வினாடி அகலமுள்ள பீக்கை நொடிக்கு 1 புள்ளி வீதம் பதிந்தால் ஆறே புள்ளிகள்தான். ஐந்தாக வைத்தால் முப்பது.

கடைசியாக, குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள். தொடக்கத்தில் ஓட்டிய ஸ்டாண்டர்டை வரிசை முடிந்ததும் மறுபடி ஓட்டுங்கள். பரப்பு 2%க்கு மேல் இறங்கியிருந்தால் பேஸ்லைனைத் திருத்த உட்காராதீர்கள், சாம்பிளைப் புதிதாகக் கரையுங்கள்.