அம்மாவின் திருநீறும் பெரிய வெள்ளியும்

கேள்வி: அக்கா, நான் கோண்டாவிலில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்தவள். கடலுக்குப் போகிற கத்தோலிக்கர் ஒருவரை விரும்பிக் கலியாணம் செய்து, இரண்டு வருடங்களுக்கு முன், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பாஸ்கா இரவில் ஞானஸ்நானம் பெற்றேன். இப்போது யாழ்ப்பாணக் கரையோரப் பங்கு ஒன்றில் இருக்கிறேன். இந்தத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை எங்கள் வட்டாரத்தின் பொறுப்பு. இயேசு சிலுவை சுமந்து போன வழியின் பதினான்கு நிலைகளில் ஒன்றை என்னையும் வாசிக்கச் சொன்னார்கள். பிழை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் மாட்டேன் என்றுவிட்டேன். ‘அவள் புதுசுதானே, அவளுக்கு என்ன தெரியும்’ என்று ஒரு அம்மா சொன்னது காதில் விழுந்தது. அன்றிலிருந்து பூசைக்குப் போனாலும் கடைசி வாங்கில்தான் இருக்கிறேன். இதற்கிடையில், கலியாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி மிதிக்காத என் அம்மா, பெரிய வெள்ளிக்கு வரட்டுமா என்று கேட்கிறா. நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் அவ வெளிக்கிடமாட்டா. ‘கோயிலுக்கு வாறதெண்டால் அழிச்சுப்போட்டு வரச் சொல்லு, ஆக்கள் கதைப்பினம்’ என்கிறா மாமி. யாரையும் நோகடிக்காமல் நான் என்ன செய்ய?
(பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி சிலுவைப்பாதையும் கடைசி வாங்கும். அம்மாவின் கதை கடைசி மூன்று நாலு வரிக்குள் அடங்கிவிட்டது. எனக்கு அந்த வரிகள்தான் பெரிதாகப் பட்டன. கலியாணத்துக்குப் பிறகு படி மிதிக்காத தாய், தானாக வாய் திறந்து ‘வரட்டுமா’ என்று கேட்டிருக்கிறார். அதுவும் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு இல்லை, நீங்கள் சேர்ந்த சமயத்தின் மிகத் துக்கமான நாளுக்கு. வரச் சொல்லுவதா வேண்டாமா என்று இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இன்றைக்கே போன் எடுங்கள்.

திருநீற்றை அழிக்கச் சொல்லாதீர்கள். மாமியின் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. பங்குக்குள் மரியாதையாக வாழ்ந்த மனுசி, மருமகளால் ஒரு பேச்சு வந்துவிடக்கூடாது என்று நினைக்கிறார். அவரோடு வாதாடப் போகாமல் ஒன்றை மட்டும் நினைவூட்டுங்கள். தவக்காலத்தை நாங்களே நெற்றியில் சாம்பலோடுதானே தொடங்கினோம்? அந்த நாளுக்கு எங்கள் ஊரில் பெயரே விபூதிப் புதன். போன வருடக் குருத்தோலையை எரித்த சாம்பலைப் பூசிக்கொண்டு வரிசையில் திரும்பியவர்கள், உங்கள் அம்மாவின் நெற்றியைப் பார்த்து முகம் சுளிக்க என்ன இருக்கிறது? நாங்கள் கோயில் என்கிறோம், அவவும் கோயில் என்கிறா. திருப்பலி என்று எழுதினாலும் வாயில் வருவது பூசைதான். ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு விரதம் இருப்பதை எங்கள் பழைய ஆட்கள் ஒருசந்தி என்பார்கள். அம்மாவுக்கு இதில் எந்தச் சொல்லுக்கும் விளக்கம் தேவைப்படாது.

பாஷையூர் அந்தோனியாரிடமும் மடு மாதாவிடமும் திருநீறு பூசிய நெற்றிகள் வராத வருடம் உண்டா? மாமியின் வயதுக்காரருக்கு 1995 யூலை 9 மறந்திருக்காது. இடம்பெயர்ந்து போன சனம் ஒதுங்கியிருந்த நவாலி சென் பீற்றர் கோயிலில் குண்டு விழுந்த நாள். அங்கே ஒதுங்கியவர்களிடம் நீ எந்தச் சமயம் என்று கேட்டா இடம் கொடுத்தார்கள்? இதை மாமிக்குக் குத்தலாகச் சொல்லவேண்டாம். தேத்தண்ணி குடிக்கும் நேரம் மெதுவாக எடுத்துவிடுங்கள், அவரே மிச்சத்தைச் சொல்லுவார்.

சரி, அம்மாவைக் கூட்டிப் போகிறீர்கள். முன்கூட்டியே சில விசயங்களைச் சொல்லிவையுங்கள். பெரிய வெள்ளியன்று பூசை இல்லை. பீடம் விரிப்பில்லாமல் வெறுமையாக இருக்கும், மணியும் அடிக்கமாட்டார்கள். எங்கள் சைவ உறவுக்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, ‘உங்கட கோயிலில களவு கிளவு போட்டுதோ’ என்று என் காதுக்குள் கேட்டாள்! அருளப்பர் (யோவான்) எழுதிய திருப்பாடுகளின் வாசகம் நீளமானது. அதற்குப் பின் வரும் மன்றாட்டுக்களும் நீளம்தான். திருச்சபைக்காக, யூத மக்களுக்காக, கிறிஸ்துவை நம்பாதவர்களுக்காக, கடவுளையே நம்பாதவர்களுக்காக என்று ஒவ்வொன்றாகப் போகும். கால் உளைந்தால் அம்மா இருக்கட்டும். சிலுவையை முத்தமிடும் நேரம் விருப்பமென்றால் உங்களோடு வரலாம், இல்லையென்றால் இருந்த இடத்தில் கும்பிடலாம். நற்கருணை அப்பம் வாங்க மட்டும் வரிசையில் வரவேண்டாம் என்று வீட்டிலேயே விளங்கப்படுத்துங்கள். கோயிலுக்குள் வைத்து, ஆட்கள் எழும்பிய பிறகு கையைப் பிடித்து இருத்தினால் அம்மாவுக்கு அவமானமாகிவிடும்.

ஏன் இந்த நாள் ஒவ்வொரு வருடமும் மாறுகிறது என்று கட்டாயம் கேட்பா. மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் முதல் பூரணை, அதற்கு அடுத்த ஞாயிறு உயிர்த்த ஞாயிறு. அதனால் பெரிய வெள்ளி எப்போதும் முழுநிலவை அண்டித்தான் வரும். பல வருடங்களில் பங்குனி உத்திரமும் அதே நாட்களில் வந்துவிடும். பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில் இதைச் சொல்லிப்பாருங்கள், பேச்சு ஒரு மணித்தியாலம் ஓடும்.

சாப்பாட்டில் உங்களுக்குக் கரைச்சலே இல்லை. அன்றைக்கு நாங்களும் மச்சம் தொடமாட்டோம், அவவும் வெள்ளிக்கிழமை தொடமாட்டா. சபைச் சட்டப்படி 18 வயதிலிருந்து 59 வயது வரைதான் ஒருசந்தி கட்டாயம். மாமி அதைத் தாண்டியும் பிடிப்பார் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் விரதக்காரர். கோயிலால் வந்து ஒரு பானைக் கஞ்சியின் முன்னால் இருவரையும் இருத்திவிட்டு நீங்கள் கொஞ்சம் விலகி நில்லுங்கள்.

இனி உங்கள் கடைசி வாங்குக்கு வருவோம். இதில் நான் முழுக்க உங்கள் பக்கம் இல்லை. வாசிக்கக் கேட்டார்கள், மாட்டேன் என்றது நீங்கள். அந்த அம்மா சொன்னது வடிவான பேச்சு இல்லைத்தான். ஆனால் அவருக்கு அப்படிச் சொல்ல ஒரு சாட்டு உங்களிடமிருந்துதான் கிடைத்தது. நான் கலியாணம் செய்து வேறு பங்குக்குப் போன முதல் வருடம், பாஸ்கா இரவில் என் கை மெழுகுதிரி முன்னால் நின்றவரின் முக்காட்டைக் கருக்கிவிட்டது. பரம்பரைக் கத்தோலிக்கர் வீட்டுப் பெண் நான். ‘மெழுகுதிரி பிடிக்கத் தெரியாததுகள்’ என்று ஐந்தாறு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். முக்காடு கருகிய மனுசிதான் பின்னர் என் மூத்தவளுக்கு ஞானத்தாய்.

பரம்பரை என்ற சொல்லிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 1687இல் கோவாக் குருவான யோசவ் வாஸ் அடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது, கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தர் ஆட்சி. கத்தோலிக்கரை வெளிப்படையாகத் தேட முடியாமல், கழுத்தில் செபமாலையோடு பிச்சைக்காரர்போல வீடு வீடாகப் போனார். மாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதென்று பார்த்துத்தான் தம் ஆட்களைக் கண்டுபிடித்தார். 2015இல் புனிதராக்கப்பட்டவரின் கதையே முன்பின் தெரியாத வாசலில் போய் நின்ற கதைதான். தவிர, பாஸ்கா இரவில் நீங்கள் ஞானஸ்நானம் எடுக்க முன் சுவாமி உங்களிடம் கேட்ட அதே கேள்விகளுக்கு, ஒவ்வொரு வருடமும் முழுப் பங்கும் மெழுகுதிரியோடு நின்று ‘விசுவசிக்கிறேன்’ என்று பதில் சொல்லுகிறது. உங்களைப் புதுசு என்ற அம்மாவும் சொல்லுவா.

ஆகவே வட்டாரத் தலைவியிடம் நீங்களே போய், ஐந்தாம் நிலையைத் தாருங்கள் என்று கேளுங்கள். சீரேனே ஊர்ச் சீமோன் சிலுவை சுமக்கிற நிலை. ஊருக்கு வெளியேயிருந்து வந்துகொண்டிருந்த மனுசனை மறித்துத் தோளில் பாரத்தை ஏற்றிவிட்டார்கள். அவனுக்கு ஒத்திகை பார்க்கவெல்லாம் யாரும் நேரம் கொடுக்கவில்லை. உங்களுக்கு நேரம் இருக்கிறது. பழைய புத்தகத் தமிழ் நாக்கில் புரளாது, எனக்கும்தான் புரளாது. கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதி, குசினிக்குள் நின்று சத்தமாக நாலு தரம் வாசியுங்கள். உங்கள் கணவர் கடலால் வந்து களைத்துப் படுத்திருந்தாலும் பரவாயில்லை, கேட்கட்டும்.

அதைவிட எனக்கு நம்பிக்கை உள்ளது உங்கள் கையில்தான். கோண்டாவிலில் வளர்ந்த பிள்ளைக்குக் குருத்தோலையில் தோரணம் பின்னத் தெரியாமல் இருக்காது. குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் கோயில் வளவில் பெண்கள் குருத்துச் சிலுவை மடிக்க இருப்பார்கள். அங்கே கடைசி வாங்கும் முதல் வாங்கும் கிடையாது, எல்லாரும் பாயில்தான். யாரும் கூப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் போய் இருந்து பின்னுங்கள். இரண்டு மடிப்பு வித்தியாசமாக மடித்தீர்களென்றால் ‘அது எப்பிடிப் பிள்ளை?’ என்று ஒருத்தி கேட்பாள். அந்த அம்மாவே கேட்டாலும் கேட்பா.

ஒரு சின்ன விசயம். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு பெரிய நாட்களில் பல கோயில் வாசல்களில் பை திறந்து பார்க்கிறார்கள். அம்மா கடகம் நிறைய மாங்காயும் முருங்கைக்காயுமாகத்தான் வந்து இறங்குவா, அதை முதலில் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அப்புறம், பின்னப் போகும் நாளில் குருத்தை விடியவே வெட்டுவியுங்கள். பங்குனி வெயில் ஏறினால் வாடிப்போகும், மடிக்க வராது.