சுபாவமா, சேர்க்கையா?

அன்புள்ள ஐயா,

ஹெராயின் விற்றதாக உள்ளே போன என் தம்பி, வெளியே வந்த நாலே மாதத்தில் மறுபடி பிடிபட்டுவிட்டான். அவனே அதை உபயோகிக்கிறவனும்கூட. "பிறவிக்குணம்" என்கிறார் அப்பா. "பழைய கூட்டாளிகள் வாசலிலேயே காத்திருந்தார்கள்" என்கிறாள் அம்மா. யார் சொல்வது சரி?

கே.

அன்புள்ள கே.,

அப்பா சொல்வதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. யோசிக்காமல் பாய்கிற புத்தியும், ஆபத்தில் ருசி காணும் மனசும் உள்ளவர்கள் மறுபடி மாட்டிக்கொள்வது அதிகம்தான். ஆனால் என் ஓட்டு அம்மாவுக்கு.

வியட்நாமில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பியவர்களை 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்போய் விசாரித்தார். அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். சுபாவத்தை யாரும் வியட்நாமில் விட்டுவிட்டு வந்திருக்கமாட்டார்கள். சரக்கு கொடுத்தவனும், கூட உட்கார்ந்து புகைத்தவனும், போரும்தான் அங்கேயே நின்றுபோயின. உங்கள் தம்பிக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். எங்கே பழகினானோ அங்கேயேதான் இறக்கிவிடப்பட்டான்.

சரி, வேலைக்குப் போயிருக்கலாமே என்று அப்பா கேட்பார். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் டெவா பேஜர் என்ற சமூகவியலாளர் இளைஞர்களை வேலை கேட்டு அனுப்பிப் பார்த்தார். 2003இல் முடிவு வெளியானது. தகுதியெல்லாம் ஒன்றுபோல. சிலர் மட்டும் போதைப்பொருள் வழக்கில் 18 மாதம் சிறையில் இருந்ததாகச் சொல்ல வேண்டும். வெள்ளையரில் 34 சதவீதம் பேருக்கு வந்த அழைப்பு, சிறை என்றதும் 17 ஆனது. கறுப்பினத்தவருக்கு 14 சதவீதமாக இருந்தது 5 ஆனது. உண்மையில் அவர்கள் யாரும் சிறைக்குப் போனவர்களே இல்லை! சம்பளம் தருகிறவன் கதவைச் சாத்தினால், கூப்பிட்டுப் பேச மிஞ்சுவது பழைய கூட்டாளிதான். அங்கே எந்த சுபாவமும் கொஞ்சம் ஆடிப்போகும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து 1999 முதல் 2003 வரை விடுதலையானவர்களைக் கணக்கெடுத்தபோது, முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் சாகும் அபாயம் மற்றவர்களைப்போல் 12 மடங்குக்கும் மேல் இருந்தது. முக்கியக் காரணம் போதைப்பொருள்தான். உள்ளே இருந்த மாதங்களில் உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடுகிறது; பழைய அளவே உயிரை எடுத்துவிடும். அடுத்த முறை தம்பி வெளியே வரும்போது அந்த இரண்டு வாரம் அவனைத் தனியாக விடாதீர்கள். சிறை மருத்துவரிடம் ஹெராயின் ஏக்கத்தைத் தணிக்கும் மருந்துகளான மெத்தடோன், புப்ரினார்ஃபின் சிகிச்சை பற்றி இப்போதே கேளுங்கள். கேட்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.