பத்து வருட டிசைனருக்கு கோடிங் வருமா?

கேள்வி: பத்து வருடமாக கிராஃபிக் டிசைனராக இருக்கிறேன். கணக்கு வராது என்று பள்ளியிலேயே ஒதுங்கியவன். இப்போது வெப் புரோகிராமிங் கற்க முடியுமா? எதில் தொடங்குவது?

வரும். கணக்கை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு டெம்மி தாளில் எத்தனை பக்கம் விழும், எந்தப் பக்கம் தலைகீழாக நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டவருக்கு, வெப் பக்கம் செய்ய அதற்கு மேல் பெரிய கணக்கு தேவைப்படாது.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பன்னிரண்டு வருடம் கோரல்டிராவில் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் போட்டவன். வெப் பக்கத்தின் எலும்புக்கூடான எச்டிஎம்எல்லில் முதல் ஃபைலை எழுதியபோது வயது 34. எனக்குக் கஷ்டமாக இருந்தது தாளை மறப்பதுதான்.

அச்சில் தாள் அளவு நம் கையில் இருக்கிறது. வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க 3 மி.மீ. பிளீட் விட்டு, கட்டிங் மார்க் போட்டு, புரூஃப் பார்த்து பிளேட்டுக்கு அனுப்பிவிட்டால், பத்திரிகை யார் வீட்டுக்குப் போனாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெப் பக்கத்தை ஒருவர் 360 பிக்சல் அகல போனில் திறப்பார், இன்னொருவர் 1920 பிக்சல் மானிட்டரில் திறப்பார். இது புரியாமல், என் முதல் பக்கத்தில் ஒவ்வொரு படத்தையும் எழுத்தையும் ‘பொசிஷன் அப்சல்யூட்’ போட்டு, இடமிருந்து இத்தனை பிக்சல், மேலிருந்து இத்தனை பிக்சல் என்று கோரல்டிராவில் வைப்பதுபோலவே ஆணி அடித்து வைத்தேன். என் மானிட்டரில் அப்படியே ஆர்ட் ஒர்க் மாதிரி இருந்தது. முதலாளி தன் போனில் திறந்தார். எல்லாம் எறும்பு சைஸ். பக்கத்தைத் திரையின் அகலத்துக்கே வைக்கச் சொல்லும் ‘வியூபோர்ட்’ வரி இல்லாவிட்டால் போன் தன் திரை சுமார் 980 பிக்சல் அகலம் என்று எண்ணிக்கொண்டு பக்கத்தையே சுருக்கிக் காட்டும். அந்த வரியைச் சேர்த்தேன். இப்போது பாதிப் பக்கம் திரைக்கு வெளியே போய்விட்டது.

கடைசியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இடத்துக்குத் தக்கபடி பெட்டிகளை அடுக்கும் ஃப்ளெக்ஸ்பாக்ஸில் மறுபடி எழுதினேன். ‘இங்கேயே இரு’ என்று சொல்வதை விட்டு, ‘இடமிருந்தால் பக்கத்தில் நில், இல்லையென்றால் கீழே இறங்கு’ என்று சொல்லப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆனது.

அந்த இரண்டு மாதத்தில் ஒரு முழு மாலையைத் தின்ற விஷயம் ஒன்று உண்டு. 900 பிக்சல் அகலத்தில், பெட்டிகளை ஒரு பக்கமாக ஒதுக்கி நிறுத்தும் ஃப்ளோட் போட்டு, தலா 300 பிக்சலில் மூன்று பெட்டி. மூன்றாவது கீழே விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் நாம் தரும் அகலம் உள்ளே இருக்கும் விஷயத்துக்கு மட்டும்தானாம். இரு பக்கமும் 20 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி), 1 பிக்சல் பார்டர் சேர்ந்தால் பெட்டி 342 ஆகிவிடும். ‘பாக்ஸ் சைசிங்: பார்டர் பாக்ஸ்’ என்ற ஒரு வரியில் சரியானது. நீங்கள் இதை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

ஃப்ளோட்டை வைத்துப் பக்கம் கட்டச் சொல்லும் பழைய பாடங்களைத் தாண்டிப் போங்கள். 2017 மார்ச்சிலேயே குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும், பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட் வந்துவிட்டது. கைடுலைன் இழுத்து லேஅவுட் போட்டவருக்கு கிரிட் சொந்த வீடு மாதிரி. எச்டிஎம்எல்லுக்கு ஒன்றிரண்டு வாரம் போதும், சிஎஸ்எஸ்ஸில் நிதானமாக நில்லுங்கள், அப்புறம் பக்கத்தை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட். வேலை விளம்பரத்தில் ரியாக்ட் (ஜாவாஸ்கிரிப்டை வைத்துக் கட்டிய ஒரு கருவி) என்று இருக்கிறதே என்று முதல் மாதமே அதில் குதிப்பது வீண் என்பது என் கருத்து. மோசில்லாவின் எம்டிஎன் தளத்தில் பாடங்கள் இலவசம். பயிற்சிக்கு உங்கள் பழைய பத்திரிகை ஒன்றையே எடுத்துப் பக்கமாக்குங்கள். ஒன்று மட்டும்: ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் கொடுக்கும் பழைய ஃபாண்டான பாமினியில் அடித்த மேட்டரை அப்படியே ஒட்டாதீர்கள். ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் வந்ததும் வேறு ஊருக்கு வந்தது போலிருக்கும். சிஎஸ்எஸ்ஸில் எழுத்துப் பிழை இருந்தால் பிரவுசர் சத்தமில்லாமல் அந்த வரியை விட்டுவிட்டுப் போகும். ஜாவாஸ்கிரிப்டோ சிவப்பு எழுத்தில் கத்திவிட்டு நின்றுவிடும். எஃப்12 அழுத்தி கன்சோலைத் திறந்து அந்தச் சிவப்பு வரியை முழுதாகப் படியுங்கள், எந்த வரியில் தப்பு என்று அதிலேயே இருக்கும். 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி இது. அதன் கோணல்களுக்கெல்லாம் நம் மண்டையைக் குறை சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

ஆனால் என்னை நிஜமாகவே அலையவிட்டது எந்தச் சிவப்பு வரியும் காட்டவில்லை. பத்திரிகை ஆர்டர் எடுக்க ஒரு படிவம் செய்து, மாப்பிள்ளை பெயருக்கு 15 எழுத்து என்று வரம்பு வைத்தேன். ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார்: “தம்பி, பேர்ல கடைசிப் புள்ளி விழ மாட்டேங்குது.” பெயர் மீனாட்சிசுந்தரம். என் திரையிலும் ‘மீனாட்சிசுந்தரம’ என்று மொட்டையாக நின்றது. டிடிபிக்காரன் புத்தி, முதலில் ஃபாண்ட் மேல்தான் சந்தேகம் போனது. இரண்டு நாள் ஃபாண்ட் ஃபாண்டாக மாற்றிப் பார்த்தேன்.

பிறகுதான் கன்சோலில் ‘தமிழ்’ என்று கொடுத்து நீளம் கேட்டேன். 5 என்றது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. அந்தக் கணக்கில் மீனாட்சிசுந்தரம் 16. பதினாறாவதாக நின்ற புள்ளிக்குத்தான் இடமில்லை. நாம் எண்ணுவதுபோல எண்ண ‘இன்டில் செக்மென்டர்’ என்று ஒன்று ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. பெட்டியின் வரம்பை எடுத்துவிட்டு, அதை வைத்து எண்ண எழுதினேன். மீனாட்சிசுந்தரத்துக்கு 9 என்றது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஒன்பதுதான்.