பிரசவமாகி பத்து வாரம்: ஓட ஆரம்பிக்கலாமா?

கேள்வி: சிசேரியனில் குழந்தை பிறந்து 10 வாரம் ஆகிறது. ஆறாவது வாரம் பார்த்த டாக்டர், தையல் நன்றாக ஆறிவிட்டது என்றார். கர்ப்பத்துக்கு முன் வாரம் நான்கு நாள் ஓடுவேன். போன வாரம் ஆசையாகக் கிளம்பினேன். ஐந்தே நிமிடத்தில் சிறுநீர் கசிந்துவிட்டது. சுகப்பிரசவமே இல்லையே, அப்புறம் ஏன் இப்படி? இனி ஓடவே முடியாதா?

பதில்: முடியும். ஆனால் இப்போதைக்கு ஓட்டத்தை நிறுத்துங்கள். இதை வாய்விட்டுக் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம். 'பிள்ளை பெற்றால் அப்படித்தான்' என்று நாப்கின் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சமாளிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். பலருக்கும் வருவதுதான், அதற்காகப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசை. முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி போல விரிந்திருக்கும். கர்ப்பம் முழுக்கப் பாரத்தைத் தாங்கியது அதுதான். குழந்தை எந்த வழியாக வந்தாலும் அந்தப் பாரம் ஒன்றே. ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை மேலே ஏறுகிறது. தளர்ந்த தசை அதற்கு ஈடுகொடுக்காது. டாக்டர் சொன்னது காயம் ஆறியதைப் பற்றித்தான், ஓட்டத்தைப் பற்றி அல்ல.

தசையை எப்படி இறுக்குவது? மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். காற்றுப் பிரிவதை அடக்குவீர்களே, அதேபோலப் பின்னாலிருந்து முன்னால், மேல்நோக்கி இழுங்கள். பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. ஆரம்பத்தில் மூன்று நான்கு விநாடி போதும். போகப்போக 10 விநாடி வரை. ஒவ்வொரு முறையும் முழுதாகத் தளர்த்துங்கள், இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. குழந்தையைத் தூக்கும் முன்பும் மூச்சை வெளியே விட்டபடி ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழக வேண்டாம்.

படுத்திருக்கும்போதே வயிற்றுத் தசை நடுவில் பிரிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். தொப்புளுக்கு மேலே இரண்டு விரலை வைத்துத் தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். நடுவில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தாலோ, கூடாரம் மாதிரி மேடு எழும்பினாலோ, சிட்-அப், பிளாங்க் மாதிரி வயிற்றுப் பயிற்சிகள் பக்கம் போகாதீர்கள்.

இதற்கிடையே நடங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி நேரம் வரை கூட்டலாம். தாய்ப்பால் குறையுமோ என்ற பயம் வேண்டாம், மிதமான பயிற்சியால் குறையாது; பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது.

ஓட்டத்துக்கு, 2019-இல் பிரிட்டன் பிசியோதெரபிஸ்டுகள் வெளியிட்ட வழிகாட்டுதலைத்தான் நானும் பின்பற்றுகிறேன். பிரசவமாகிக் குறைந்தது மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். அத்துடன் 30 நிமிட நடை, ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்பது, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுவது, ஒவ்வொரு காலிலும் பத்து முறை நொண்டிக் குதிப்பது, இவற்றில் எதிலும் கசிவோ வலியோ அடியில் கனமோ தெரியக் கூடாது. உங்களுக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் இருக்கிறது; அதற்கு மேலே ஆனாலும் பரவாயில்லை. தேறிய பிறகு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாற்றி மாற்றி ஆரம்பியுங்கள்.

நின்ற உதிரப்போக்கு திரும்பவும் சிவப்பாக வந்தாலோ, பிறப்புறுப்பில் ஏதோ இறங்குவது போலிருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள், அது ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

மூன்று மாதம் விடாமல் செய்தும் கசிவு நிற்கவில்லையென்றால், இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டை நேரில் பாருங்கள். பலர் மேலே இழுப்பதாக நினைத்துக் கீழ்நோக்கி முக்கிக்கொண்டிருப்பார்கள். அது நேரில் பார்த்தால்தான் தெரியும்.