பிளேஸ்மென்ட் சதவீதத்துக்குப் பின்னால் இருப்பவர்கள்: ஒரு பெற்றோருக்கு பதில்

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். பொறியியல் கலந்தாய்வுக்குத் தயாராகிறோம். கல்லூரி இணையதளங்களில் சமூகநீதி, பன்முகத்தன்மை, பசுமை வளாகம் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். இதையும் பார்க்க வேண்டுமா, பிளேஸ்மென்ட்டை மட்டும் பார்த்தால் போதாதா?

பதில்: கட்டாயம் பாருங்கள் ஐயா. ஆனால் முகப்புப் படங்களில் தேடாதீர்கள். என்ஐஆர்எஃப் என்ற மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரி, தான் சமர்ப்பித்த தரவைத் தன் இணையதளத்திலேயே பிடிஎஃப் கோப்பாகப் போட்டு வைக்கும். அதைத் திறந்து இரண்டு அட்டவணைகளை மட்டும் பாருங்கள்.

முதலாவது மாணவர் எண்ணிக்கை. ஆண், பெண், வெளிமாநிலத்தவர், பொருளாதாரத்தில் பின்தங்கியோர், சமூகத்தில் பின்தங்கியோர் என்று தனித்தனியாக இருக்கும். அதே வரிசையில், முழுக் கல்விக் கட்டணமும் அரசிடமிருந்து பெறுவோர், கல்லூரி நிதியிலிருந்து பெறுவோர், எதுவும் பெறாதோர் என்றும் இருக்கும். பின்தங்கிய மாணவர்கள் நிறையப் பேர் இருந்தும் உதவி பெறுவோர் விரல் விட்டு எண்ணும் அளவில் இருந்தால், உதவித்தொகைப் பிரிவு எப்படி நடக்கிறது என்று நேரில் விசாரியுங்கள். கல்லூரி சொந்த நிதியிலிருந்து ஒருவருக்குக்கூடக் கொடுக்கவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலைவாய்ப்பு அட்டவணை. எனக்கு இதுதான் முக்கியம். ஓர் ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நான்கே ஆண்டில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று மூன்று எண்கள் இருக்கும். ஒரு கணக்குக்காக, 240 பேர் சேர்ந்து, 150 பேர் முடித்து, 140 பேர் வேலைக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் 93 சதவீதம் என்று வரும். சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் 58 சதவீதம்தான். விடுபட்ட 90 பேர் யார் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் டிப்ளமோ மாணவர்கள் எண்ணிக்கை தனியாக இருக்கும். அதையும் கூட்டிக்கொண்டு கணக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் விடை தப்பும்.

அரியர், அதாவது தேறாமல் நிற்கும் பாடம், பெரும்பாலும் முதல் ஆண்டுக் கணிதத்தில்தான் ஆரம்பிக்கிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கும், விடையை ஆங்கிலத்தில் எழுத வராது. அரியர் நிலுவையில் இருந்தால் பல நிறுவனங்கள் நேர்காணலுக்கே கூப்பிடுவதில்லை. தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ சொல்லும் மூன்று வார அறிமுகப் பயிற்சி முடிந்த பிறகு, பள்ளிப் பாடத்துக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் இணைப்பு வகுப்பு முதல் செமஸ்டர் முழுக்க நடக்கிறதா என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகளுக்கு முதல் வாய்ப்பு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று எல்லாப் பள்ளிகளிலிருந்தும் வேண்டும். இடையில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கு இப்போதே போய்விடுங்கள். அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கும். கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் சேர்ந்தால் முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கைகொடுக்கும். பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. கலந்தாய்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் தனி. இதில் பணம் வராமல் போக வழக்கமான காரணம் வங்கிக் கணக்கு. கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்கு இணைந்திருப்பது வேறு. இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலும் ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால், அதையும் சேர்க்கைக்கு முன்பே சரிசெய்யுங்கள்.

வளாகத்துக்குள் மரியாதையாக நடத்துவார்களா என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997இலிருந்தே உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2009 விதிகளில் 2016இல் செய்த திருத்தத்தின்படி சாதி, மதம், நிறம், மொழி, ஊர், பாலினம், வசதியின்மை இவற்றைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்துவதும் ஒதுக்கி வைப்பதும் ராகிங்தான். 1800-180-5522 என்ற இலவச எண் எந்நேரமும் இயங்கும். பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். எந்தப் புகாராக இருந்தாலும் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் பெயர் எல்லாம் அன்றைக்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் பிறகு ஆதாரம் இருக்காது. புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்கியே தீர வேண்டும்.

கல்லூரிக்குப் போகும்போது அறிவிப்புப் பலகையில் உள்ளகப் புகார் குழு உறுப்பினர்கள் பெயரும் எண்ணும் இருக்கிறதா, இந்த ஆண்டுப் பட்டியல்தானா என்று பாருங்கள். இன்னொன்று: நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது, பெண்கள் விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடுகிறது, ஆண்கள் விடுதி எப்போது? பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் பாகுபாடான விடுதி விதிகள் வைக்கக் கூடாது என்று யுஜிசியின் 2015 விதிமுறை சொல்கிறது. ஆறரை மணிக்கே விடுதியில் அடைபடும் பெண்ணுக்கு ஆய்வகமும் புராஜெக்ட் குழுவும் பாதிதான் கிடைக்கும். அப்பாக்கள் பலர் இந்தக் கட்டுப்பாட்டைப் பார்த்துத்தான் நிம்மதி அடைகிறார்கள். மகளின் படிப்பை நினைத்து, தயவுசெய்து மறுபடி யோசியுங்கள்.

பசுமை வளாகம் பற்றிச் சுருக்கமாக. மரக்கன்று நடும் போட்டோவுக்கு ரெஸ்யூமேயில் மதிப்பில்லை, அளந்த வேலைக்கு உண்டு. விடுதி மெஸ்ஸில் தட்டில் மிஞ்சும் சாப்பாட்டை இரண்டு வாரம் வேளைவாரியாக எடை போட்டு, சாப்பிட்டவர் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு தலைக்கு எத்தனை கிராம் என்று எழுதட்டும். காய்கறித் தோலும் தட்டு மிச்சமும் ஒரே வாளியில் விழுந்தால் கணக்கு கெட்டுவிடும். தலைகளை எண்ணாமல் மொத்த எடை மட்டும் எடுத்தாலும் பயனில்லை. எந்த வேளையில், எந்த உணவில் அதிகம் மிஞ்சுகிறது என்று கண்டு, சமைக்கும் அளவை மாற்றி, மறுபடி ஒரு வாரம் அளந்தால் அது முழுமையான ஒரு புராஜெக்ட். நாட்டு நலப்பணித் திட்டமான என்எஸ்எஸ்ஸில் சேர்ந்தால் இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவையும் ஏழு நாள் முகாமும் உண்டு. இந்த வேலைக்கு ஆள் பலம் அங்கேயே கிடைக்கும்.

இதற்கு வேலைச் சந்தையும் இருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்கள், சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி, சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையை 2022-23 முதல் வெளியிட்டாக வேண்டும். தண்ணீர், மின்சாரம், கழிவு எல்லாவற்றையும் அளந்து எழுதத் தெரிந்தவர்கள் அங்கே தேவை. பொறியியல் முடித்து, தேவையான பணி அனுபவமும் சேர்ந்தபின், மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு (BEE) நடத்தும் எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வையும் எழுதலாம்.

விருப்பப் பட்டியலில் முதலில் வைக்கப் போகும் ஐந்து கல்லூரிகளுக்காவது சேர்ந்தவர், முடித்தவர், வேலை பெற்றவர் என்ற அந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி, மகளோடு உட்கார்ந்து வரிசைப்படுத்துங்கள். வார நாளில், வகுப்பு நடக்கும் நேரத்தில் நேரில் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் காவலாளியைத்தான் பார்க்க முடியும்.