சுவரோடு ஒட்டி மாட்டலாமா? ரேடியேட்டர் முதல் கீசர் வரை வாசகர் கேள்விகள்

வீட்டில் இடம் போதவில்லை, சுவரோடு ஒட்டி வைத்துவிடலாமா என்றுதான் இம்முறை பலரும் கேட்டிருக்கிறீர்கள். வெப்பத்தை வெளியே விடும் எந்தக் கருவிக்கும் காற்று வந்துபோக வழி வேண்டும். அதைத் தாங்கும் தெம்பு சுவருக்கும் வேண்டும். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் துளை போட வேண்டும்.

மன்னார்குடி வாசகர்: மகள் இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கியிருக்கிறாள். வாசல் நடை மிகக் குறுகல். அங்கிருக்கும் தடித்த ரேடியேட்டரை எடுத்துவிட்டு, ஒல்லியானதாகச் சுவரை ஒட்டி மாட்டலாம் என்கிறார் மருமகன். குளிருக்குப் போதுமா?

நீளத்தைக் கூட்டினால் போதும். ரேடியேட்டர் என்பது உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புத் தகடு. அங்கே அதை எண் சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். 11 என்பது ஒற்றைத் தகடும் அதன் பின்னே காற்றைச் சூடாக்கும் ஒரு வரிசை மடிப்பும் கொண்டது. தடிமன் ஏறக்குறைய 6 செ.மீ. 22 என்பது இரட்டைத் தகடு, இரட்டை மடிப்பு. சுமார் 10 செ.மீ. அதே உயரம், அதே நீளத்தில் 22-ஐக் கழற்றி 11-ஐ மாட்டினால், முன்பு கிடைத்ததில் பாதிக்குச் சற்று மேல்தான் வெப்பம் கிடைக்கும். நடையில் அகலம் இல்லாவிட்டாலும் நீளச் சுவர் இருக்குமே, அதைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் மருமகனிடம் கேளுங்கள். விலைப்பட்டியலில் போட்டிருக்கும் வாட் கணக்கு, ரேடியேட்டருக்கும் அறைக்கும் 50 டிகிரி வித்தியாசம் இருக்கும்போது கிடைப்பது. பிற்காலத்தில் எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டு, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வைத்தால் தண்ணீர் அவ்வளவு சூடாக ஓடாது. வித்தியாசம் 30 டிகிரிக்கு இறங்கினால் வெப்பமும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அந்த எண்ணம் இருந்தால் ஒல்லியான ரேடியேட்டர் வேண்டாம் என்பதே என் கருத்து.

சுவருக்கும் ரேடியேட்டரின் முதுகுக்கும் நடுவே 3 செ.மீ. ஆவது இருக்கட்டும், தரைக்கு மேல் 10 செ.மீ. குறையக் கூடாது. குளிர்ந்த காற்று கீழே நுழைந்து, சூடாகி மேலே ஏறும் பாதை அதுதான். வெளிச்சுவராக இருந்து உள்ளே வெப்பக்காப்பு இல்லையென்றால், பின்னால் பளபளப்பான ஃபாயில் ஒட்டுவது பயன் தரும். உட்சுவருக்கு அது வீண்செலவு.

பலரும் கோட்டைவிடும் இடம் குழாய். தரையிலிருந்து எழும் இரண்டு குழாய்களும் பழைய ரேடியேட்டரின் வால்வுக்கு நேராக நிற்கும். புதியது சுவரை நெருங்கி உட்கார்ந்தால் வால்வின் வாயும் இரண்டு மூன்று செ.மீ. உள்ளே போய்விடும், குழாயோ பழைய இடத்திலேயே நிற்கும். இழுத்துப் பிடித்து நட்டை முறுக்கினால் அன்றைக்குச் சரியாகத்தான் தெரியும். தண்ணீர் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, குழாய் நீண்டு சுருங்கும்போது அந்த இணைப்பு கசியத் தொடங்கும். முதலில் சுவர்க் கொக்கியைப் பாருங்கள். பல கொக்கிகளில் ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நெட்டை. திருப்பிப் பொருத்தினாலே குழாய் நேர்ப்படக்கூடும். அப்படியும் சேரவில்லையென்றால் தரைப் பலகையைத் திறந்து குழாயை நகர்த்துவதுதான் வழி. சுவர் ஜிப்சம் அட்டையாக இருந்தால் உள்ளேயுள்ள மரச்சட்டத்தில் திருகு இறங்க வேண்டும். வெறும் அட்டை பாரம் தாங்காது.

கும்பகோணம் வாசகர்: எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இரண்டரை அடிச் சந்து. அங்கே ஏசியின் வெளி யூனிட்டை மாட்டினார்கள். மதியத்தில் குளிர்ச்சியே இல்லை. கேஸ் குறைந்துவிட்டதா?

கேஸை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். இரண்டரை அடி என்பது 75 செ.மீ. யூனிட்டின் தடிமன் ஏறக்குறைய 30 செ.மீ., முதுகுக்கு 10 செ.மீ. போனால் முன்னால் மிஞ்சுவது 35 செ.மீ. முதுகு வழியாகக் காற்றை இழுத்து முன்பக்கம் சூடாகத் தள்ளும் இயந்திரம் அது. முன்னால் குறைந்தது 60 செ.மீ. வெட்டவெளி இருந்தால்தான் அந்தச் சூடு விலகிப் போகும். உங்கள் சந்தில் எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும் அனலையே யூனிட் மறுபடியும் இழுக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவது இதனால்தான். பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்ளும் அந்த அனல்தானே போகும்!

மொட்டை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். குழாயின் நீளம் கூடினால் அதற்கேற்பக் கேஸ் சேர்க்க வேண்டும். எத்தனை மீட்டருக்கு எவ்வளவு என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். வேலைக்கு வருபவர் அதைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.

தஞ்சாவூர் வாசகர்: தாத்தா காலத்து வீடு, ஒன்றரை அடிச் சுவர். அவ்வளவு தடித்த சுவர் ஏசியின் வெளி யூனிட்டைத் தாங்கும்தானே?

சுவரின் தடிமனை மட்டும் நம்பாதீர்கள். துளை போடும்போது கவனியுங்கள். சிவப்புத் தூள் சீராகக் கொட்டி, டிரில் முக்கி முனகி இறங்கினால் செங்கல். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய், பழுப்பு மண்ணோ வெள்ளைச் சுண்ணாம்போ பொலபொலவென்று உதிர்ந்தால் அது கல்லுக்கு நடுவிலுள்ள சாந்து. அங்கே ஆங்கர் ஃபாஸ்டனர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) போட்டால், அது விரியும்போது பக்கத்துக் கல்லையும் சேர்த்துத் தள்ளிவிடும். யூனிட்டோ 25 முதல் 40 கிலோ வரை எடை. போதாததற்கு நாள் முழுக்க அதிர்வு வேறு. சுவரை ஊடுருவி நீண்ட போல்ட் போட்டு, உட்பக்கம் இரும்புத் தகடு வைத்து முடுக்கலாம். அதைவிடக் கொல்லைப்புறத்தில் ஓரடிக்குக் குறையாத மேடை கட்டி அதன்மேல் வைப்பது உத்தமம். ஐப்பசி, கார்த்திகையில் கொல்லையில் தண்ணீர் தேங்குமானால் மேடையை இன்னும் உயர்த்துங்கள்.

வேதாரண்யம் வாசகர்: வெளி யூனிட்டின் மெல்லிய தகடுகள் மாவாக உதிர்கின்றன.

உப்புக்காற்று. அலுமினியத் தகடு செம்புக் குழாயைத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். உதிர்ந்தது திரும்ப வராது. அடுத்து வாங்கும்போது அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிக்கடி கழுவுங்கள். கொக்கி, போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த பகுதியில் இருக்கிறீர்கள். துருப்பிடித்த போல்ட்டில் தொங்கும் யூனிட் புயலுக்கு நிற்காது.

திருவாரூர் வாசகர்: புது ஃபிரிட்ஜின் இரண்டு பக்கமும் சுடுகிறது. கோளாறா?

இல்லை. பழைய ஃபிரிட்ஜுகளுக்கு முதுகில் இருந்த கறுப்புக் கம்பி வலையின் வேலையை, இப்போது பக்கத் தகடுகளுக்குள் ஓடும் குழாய்கள் செய்கின்றன. அதனால் பின்னால் மட்டுமன்றி இரு பக்கமும் இரண்டு அங்குலம் விடுங்கள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே செருகிவிட்டால் மின்கட்டணம்தான் ஏறும்.

மயிலாடுதுறை வாசகர்: குளியலறையில் நாலரை அங்குலச் சுவர். 15 லிட்டர் கீசர் மாட்டலாமா?

செங்கல் சுவராக இருந்து, கட்டுமானமும் உறுதியாக இருந்தால் மாட்டலாம். தண்ணீர் மட்டுமே 15 கிலோ. தொட்டியின் எடை தனி. நடுவே பொந்துள்ள ஹாலோ பிளாக் என்றால் சாதாரண ஃபாஸ்டனர் பிடிக்காது. மறுபக்கம் வரை போல்ட் போட வேண்டும். 2000 வாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் கட்டாயம். தண்ணீர் சூடாகும்போது கீசரின் அடியிலுள்ள பாதுகாப்பு வால்வு சொட்டுச் சொட்டாக விடும். ஒழுகுகிறது என்று அதன் வாயை அடைத்துவிடாதீர்கள். உள்ளே ஏறும் அழுத்தம் வெளியேற அதுதான் வழி. ஒரு சிறு குழாயைச் செருகித் தரை வடிகாலுக்கு இறக்கிவிடுங்கள்.